கடலோரக் கொட்டகையில் மீன் சாப்பிடுவது எப்படி: புதியவர்களுக்கு

மணலில் நாலு கம்பு நட்டு, மேலே கூரை போட்டு, ஒரு தணலடுப்பும் ஒரு எண்ணெய்ச் சட்டியும் வைத்திருக்கும் கடையில் பட்டியல் அட்டை பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் அதை நம்பிப் பயனில்லை. அன்று கரைக்கு வந்ததுதான் அன்றைய சாப்பாடு. பெரிய உணவகத்தில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, பிறகு யோசிக்கலாம். இங்கே உட்காருவதற்கு முன்பே யோசித்தாக வேண்டும். எந்த மீன், எவ்வளவு எடை, என்ன விலை, எப்படிச் சமைப்பது என்ற நான்கும் மீன் அடுப்பில் ஏறும் முன் முடிவாகிவிட வேண்டும். ஏறிய பிறகு மாற்றக்கூடியது உப்பும் எலுமிச்சையும் மட்டும்தான்.

எப்போது போவது

படகு எப்போது கரை சேர்கிறதோ அதை வைத்துத்தான் நேரம். காலையில் படகு வரும் கரையில் மதியம் பன்னிரண்டு மணிக்குள் போனால் பெட்டி நிறைய இருக்கும், பொறுக்கி எடுக்கலாம். இரவு ஒன்பதுக்குப் போனால் மற்றவர்கள் கழித்துப் போட்டதில்தான் பொறுக்க வேண்டும். சில கரைகளில் படகு மாலையில் வரும். அங்கே கணக்குத் தலைகீழ். தெரியாவிட்டால் கடைக்காரரிடம் "படகு எப்போ வந்தது?" என்று கேளுங்கள். "நல்ல மீனா?" என்று கேட்காதீர்கள், அதற்கு ஒரே பதில்தான் உண்டு.

கடல் கொந்தளித்துப் படகுகள் இறங்காத இரண்டு மூன்று நாட்களிலும், அதற்கு மறுநாளும் பெட்டியில் இருப்பது பழைய மீனாகவோ உறைய வைத்த மீனாகவோதான் இருக்கும். உறைய வைத்ததை இழிவாக நினைக்க வேண்டியதில்லை. பிடித்தவுடன் நன்றாக உறைய வைத்த இறால், மூன்று நாள் ஐஸில் கிடந்த இறாலைவிட மேலானது. ஆனால் அதைப் புது மீன் என்று சொல்லிப் புது மீன் விலைக்கு விற்கக் கூடாது, அவ்வளவுதான்.

முதலில் ஐஸ் பெட்டி

நாற்காலியைத் தேடுவதற்கு முன் பெட்டியைப் பாருங்கள். மீன் ஐஸுக்கு நடுவில், கீழேயும் மேலேயும் ஐஸ் இருக்கும்படி படுத்திருக்க வேண்டும். உருகிய தண்ணீர் வடிய வழி இருக்க வேண்டும். இரத்தம் கலந்த தண்ணீரில் மீன் மிதந்துகொண்டிருந்தால் அந்தக் கடையை விட்டுவிடலாம். வெயில் படும் மேசையில் அழகாக அடுக்கி வைத்திருப்பதும் நல்ல அறிகுறி அல்ல. அடுக்கு கண்ணுக்கு நன்றாக இருக்கும், வயிற்றுக்கு அல்ல.

முழு மீனில் நம்பகமான இடம் செவுள். மூடியைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். பளிச்சென்ற சிவப்பு என்றால் புதியது. பழுப்பு, சாம்பல், பிசுபிசுப்பு என்றால் வேண்டாம். கண் துருத்திக்கொண்டு தெளிவாக இருப்பது நல்ல அடையாளம்தான், ஆனால் ஐஸ் நேராகப் பட்டால் நல்ல மீனின் கண்ணும் மங்கும். ஆகவே கண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. வயிற்றை விரலால் அழுத்தினால் குழி உடனே நிரம்ப வேண்டும். வயிறு உப்பியோ கிழிந்தோ இருந்தால் குடல் கெட ஆரம்பித்துவிட்டது. புது மீனில் கடல் வாடை இருக்கும், கவுச்சி மூக்கைத் தூக்காது.

இறாலின் தலை கொஞ்சம் கருத்திருந்தால் உடனே தள்ள வேண்டாம். காற்றுப் பட்டதும் அதன் உடம்பிலுள்ள நொதிகளால் அப்படிக் கருக்கும். தலை ஆடி, உடம்பு கொளகொளத்து, அம்மோனியா வாடை அடித்தால்தான் கெட்டது. கணவாய் பளபளப்பாக, தோலில் புள்ளிகள் தெளிவாகத் தெரிய வேண்டும்; சதை இளஞ்சிவப்பாக மாறித் தோல் நிறம் கசிந்திருந்தால் நாளாகிவிட்டது. நண்டும் சிங்கி இறாலும் உயிரோடு இருப்பதே உத்தமம், ஏனென்றால் செத்ததும் வேகமாகக் கெடும். நண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். அளவுக்கு மீறிய கனம் இருந்தால் சதை நிறைந்தது. பெரிதாகத் தெரிந்தும் கனமில்லாத நண்டு சமீபத்தில் ஓடு கழற்றியது, உள்ளே தண்ணீர்தான். வயிற்று மடிப்பு குறுகலாக இருந்தால் ஆண், அகலமாக இருந்தால் பெண். மடிப்புக்கு வெளியே முட்டை சுமக்கும் பெண் நண்டை வாங்காமல் விடுங்கள்; பல கரைகளில் பிடிப்பதே சட்டப்படி குற்றம்.

ஒரு எச்சரிக்கை தனியாகச் சொல்ல வேண்டியது. சூரை, மத்தி, கானாங்கெளுத்தி வகை மீன்கள் வெயிலில் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் சேரும். பார்வைக்கோ வாடைக்கோ தெரியாமல் போகலாம், பொரித்தாலும் சுட்டாலும் அழியாது. வாயில் வைத்ததும் மிளகு போலச் சுருக்கென்று உறைத்தால் அதைத் துப்பிவிட்டுத் தட்டைத் தள்ளி வையுங்கள். இந்த மீன்களை ஐஸில் கண்டால் மட்டும் கேளுங்கள்.

எடையும் விலையும்

சண்டை வருவதெல்லாம் இந்த இடத்தில்தான். பெரும்பாலும் ஏமாற்று இருக்காது. கேட்காமல் விட்டது இருக்கும். நான்கு கேள்விகள் கேட்டுவிடுங்கள்.

விலை எந்த அளவுக்கு? பலகையில் எழுதிய எண் கிலோவுக்கா, 100 கிராமுக்கா, துண்டுக்கா? 100 கிராம் விலையைக் கிலோ விலை என்று எண்ணி ஒன்றரைக் கிலோ மீனைச் சொல்லிவிட்டு, பில் வந்ததும் முகம் வெளுப்பது எல்லாக் கடற்கரையிலும் நடக்கிறது.

எடை எப்போது? ஆய்வதற்கு முன்பா, பின்பா? பெரும்பாலும் முன்புதான். அது நியாயமே, ஆனால் தெரிந்திருக்க வேண்டும்.

சமைக்கும் கூலி அதில் சேர்ந்ததா? மசாலா, வெண்ணெய், கூட வரும் சோறோ ரொட்டியோ தனியா?

தராசில் தட்டை வைத்த பிறகு பூஜ்யம் காட்டுகிறதா? ஐஸ் தண்ணீரை வடியவிட்டு நிறுக்கச் சொல்லுங்கள். நிறுத்த மீனை உங்கள் கண்ணெதிரே ஆயச் சொல்வதில் தவறில்லை. நல்ல கடைக்காரர் தானே கூப்பிட்டுக் காட்டுவார்.

எவ்வளவு சொல்வது என்பதற்கு உத்தேசக் கணக்கு இது. முழு மீனில் பாதி எடைதான் சதை, மீதி தலை, முள், குடல். ஆகவே இருவருக்கு 700 முதல் 900 கிராம் வரையுள்ள ஒரு மீன் போதும். தலையோடு கூடிய இறாலிலும் ஏறக்குறைய பாதி போய்விடும். ஆளுக்கு 250 கிராம் சொல்லலாம். நண்டில் கால் பங்குதான் வாய்க்கு வரும், ஆளுக்கு அரைக் கிலோவாவது வேண்டும். ஓடோடு ஒரு கிலோ மட்டியில் சதை கால் கிலோவைத் தாண்டாது. கணவாய் மட்டும் கஞ்சத்தனம் இல்லாதது: முக்கால் பங்கு சதை. புதியவர்கள் செய்வது இதற்கு நேர்மாறு. கணவாயை அள்ளிச் சொல்லி மிச்சம் வைப்பார்கள், நண்டைக் குறைவாகச் சொல்லிவிட்டு அடுத்த மேசையைப் பார்ப்பார்கள்.

எதை எப்படிச் சமைக்கச் சொல்வது

எண்ணெய்ப் பசை உள்ள மத்தி, கானாங்கெளுத்தி போன்றவை தணலுக்கு ஏற்றவை. தன் கொழுப்பிலேயே வெந்து ஈரம் காக்கும். கொழுப்புக் குறைந்த வெள்ளைச் சதை மீனைத் துண்டு போட்டுத் தணலில் வைத்தால் வறண்டு கம்பியில் ஒட்டும். அதை மாவில் தோய்த்துப் பொரிக்கலாம், குழம்பில் போடலாம், அல்லது தோலோடு முழுசாகச் சுடலாம். முழு மீன் சுடுவதற்குத் தடித்த இடத்தில் 2.5 சென்டிமீட்டருக்குப் பத்து நிமிடம் என்பது பழைய கணக்கு, இன்றும் பொய்க்காது. 5 சென்டிமீட்டர் தடிமன் என்றால் இருபது நிமிடம், நடுவில் ஒரே ஒரு முறை திருப்புதல். பக்கவாட்டில் மூன்று கீறல் போட்டால் உப்பும் சூடும் உள்ளே போகும். "சீக்கிரம்" என்று நெருக்கினால் என்ன நடக்கும்? தணலை விசிறி ஏற்றுவார்கள், வெளியே கரியும், முள்ளருகே பச்சையும்.

கணவாய்க்கு நடுவழி கிடையாது. பலத்த சூட்டில் இரண்டு மூன்று நிமிடம், இல்லையென்றால் குழம்பில் முக்கால் மணி நேரம். இடைப்பட்ட எதுவும் ரப்பர்தான். இறால் வளைந்து அரைவட்டமானால் பதம்; சுருண்டு முழுவட்டமாகிவிட்டால் கடந்துவிட்டது.

மசாலா பற்றி ஒரு கருத்து. காலையிலேயே மசாலா தடவி அடுக்கி வைத்திருக்கும் துண்டுகளைத் தொடாதீர்கள். அடியில் என்ன மீன், என்றைய மீன் என்று யாருக்கும் தெரியாது. ஐஸிலிருந்து எடுத்து, உங்களுக்காகத் தடவச் சொல்லுங்கள். கால் மணி நேரம் ஊறினால் போதும். எலுமிச்சைச் சாற்றில் அதிக நேரம் ஊறினால் சதை மாவாகிவிடும். புளிப்பு சதையை வெளுக்க வைக்குமே தவிரக் கிருமியை நம்பகமாகக் கொல்லாது.

புதிய கடையில் முதல் தட்டு உப்பும் எலுமிச்சையும் மட்டும் போட்ட ஏதாவது ஒன்றாக இருக்கட்டும். மறைக்க எதுவும் இல்லாததால் கடையின் தரம் அதில் தெரிந்துவிடும். அது நன்றாக இருந்தால் பூண்டு வெண்ணெய்க்கும் காரத்துக்கும் போகலாம்.

எண்ணெய்ச் சட்டியையும் ஒரு பார்வை பாருங்கள். கறுத்து, நுரைத்து, புகைந்துகொண்டிருந்தால் அன்றைக்குச் சுட்டதை மட்டும் சாப்பிடுங்கள். நல்ல பொரியல் 175 முதல் 190 டிகிரி செல்சியஸில் வரும். சட்டியில் ஒரேயடியாக அள்ளிப் போட்டால் சூடு இறங்கி மாவு எண்ணெயைக் குடிக்கும். கூட்ட நேரத்தில் பொரியல் தொய்ந்து போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

சொல்லும் வரிசையும் முக்கியம். சுடுகிற முழு மீனையும் நண்டையும் வந்தவுடன் சொல்லிவிடுங்கள், அவற்றுக்கு அரை மணி நேரமாவது ஆகும். அந்த நேரத்தைக் கடத்த ஒரு தட்டுக் கணவாயோ இறாலோ பொரித்துத் தரச் சொல்லலாம். பொரித்ததை ஒரு தட்டு ஒரு தட்டாகவே வாங்குங்கள். ஈரக் கடல்காற்றில் மொறுமொறுப்பு பத்து நிமிடம் தாங்காது.

எங்கே உட்காருவது

தணலடுப்புக்குக் காற்று வரும் பக்கம் உட்காருங்கள், எதிர்ப்பக்கம் புகை. கரையை நோக்கி வீசும் காற்று முற்பகலில் தொடங்கி மதியத்துக்குப் பின் உச்சத்துக்கு வரும். அந்த நேரத்தில் தடுப்புத் தட்டி இல்லாத மேசையில் மீனோடு மணலும் சேரும். ஈர மணலின் கோடு எங்கே முடிகிறது என்று பாருங்கள். அதற்கு இந்தப் பக்கம்தான் மேசை. அலை ஏறும் நேரத்தில் செருப்பு மிதந்து போவது வேடிக்கை பார்ப்பவர்களுக்குத்தான் நன்றாக இருக்கும். கை கழுவ எழுந்தால் தட்டருகே ஒருவராவது இருக்க வேண்டும், பறவைகள் காத்திருக்கின்றன.

உட்கார்ந்த இடத்திலிருந்து அடுப்பு தெரிந்தால் இன்னொன்றும் கவனிக்கலாம்: பச்சை மீனை எடுத்த இடுக்கியாலேயே வெந்ததையும் எடுக்கிறார்களா? பச்சை மீன் வைத்த தட்டிலேயே வெந்தது வருகிறதா? வந்தால் வேறு தட்டு கேளுங்கள். கூச்சப்படுவதற்கு இதில் ஒன்றுமில்லை.

தட்டுக்கு வந்த பிறகு

முழு மீன் வந்ததும் தலைக்குப் பின்னால் உள்ள தடித்த இடத்தைக் கிளறிப் பாருங்கள். சதை வெள்ளையாகி, அடுக்கடுக்காகப் பிரிந்து, முள்ளை விட்டு வர வேண்டும். முள்ளை ஒட்டி ஊடுருவித் தெரியும் இளஞ்சிவப்பு இருந்தால் தொடாமல் திருப்பி அனுப்புங்கள், ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும். பாதி தின்ற பிறகு அனுப்பினால் மிச்சம் கருவாடாகத்தான் திரும்பும்.

முதலில் முதுகு, வயிறு ஓரங்களில் உள்ள துடுப்புகளைப் பிடித்து இழுத்து எடுத்துவிடுங்கள். சின்ன முட்கள் பல அதோடு வந்துவிடும். தலையிலிருந்து வால் வரை பக்கவாட்டில் ஓடும் நடுக்கோட்டில் கீறி, மேல் சதையை முதுகுப் பக்கமும் கீழ்ச் சதையை வயிற்றுப் பக்கமும் ஒதுக்குங்கள். மேல் பக்கம் முடிந்ததும் மீனைப் புரட்ட வேண்டாம். வாலருகே நடுமுள்ளைப் பிடித்துத் தலையை நோக்கித் தூக்கினால் எலும்புக்கூடு முழுசாக வந்துவிடும், அடிச்சதை அப்படியே கிடைக்கும். வயிற்றுப் பக்கம் வளைந்த முட்கள் இருக்கும், அங்கே நிதானம். கண்ணுக்குக் கீழே கன்னத்தில் காசு அளவு சதை இருக்கிறது. மீனிலேயே சுவையான வாய் அதுதான். புதியவர்கள் தலையோடு ஒதுக்கிவிடுவார்கள், தெரிந்தவர்கள் பேசாமல் எடுத்துக்கொள்வார்கள்.

தொண்டையில் முள் சிக்கினால் பெரிய கவளமாக எதையாவது விழுங்கித் தள்ளும் வழக்கம் ஆபத்து, முள் இன்னும் ஆழமாகக் குத்தும். இருமிப் பாருங்கள். போகவில்லை, வலி நிற்கிறது என்றால் மருத்துவரிடம் போவதுதான் வழி. மூச்சுத் திணறினால் அது அவசர நிலை.

இறாலில் தலையை முறுக்கி எடுத்து, கால் பக்கமாக விரல் விட்டு ஓட்டைப் பிளந்து, வாலை அழுத்தி இழுத்தால் சதை நழுவி வரும். முதுகிலுள்ள கறுப்புக் கோடு குடல். தின்றால் ஆபத்தில்லை, நறநறக்கும். தலையின் முன்கொம்பு குத்தும் என்பதை மறக்க வேண்டாம்.

நண்டுக்கு வரிசை இப்படி:

1. கால்களையும் கொடுக்குகளையும் உடம்போடு சேரும் மூட்டில் முறுக்கிக் கழற்றுங்கள்.

2. உடம்பைத் திருப்பி, வயிற்று மடிப்பை நிமிர்த்திப் பிய்த்தெடுங்கள்.

3. அந்த இடைவெளியில் கட்டைவிரலைக் கொடுத்து மேலோட்டைத் தூக்குங்கள்.

4. இரண்டு பக்கமும் சாம்பல் நிறத்தில் விரல் விரலாக இருப்பது செவுள். அதையும் வாய்ப்பகுதியையும் எறியுங்கள்.

5. உடம்பை நடுவில் இரண்டாக ஒடியுங்கள். உள்ளே சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு திரட்டுச் சதை. பொறுமை இல்லாதவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான்.

6. கொடுக்கை ஒரே அடியில் விரிசல் விடவையுங்கள். பலமுறை தட்டி நொறுக்கினால் ஓட்டுத் தூள் சதையில் ஏறிவிடும். கால் சதையைக் குடைய இன்னொரு காலின் கூர்முனையே கருவி.

மசாலாவில் வெட்டிப் போட்டு வரும் நண்டில் முதல் நான்கு வேலையும் முடிந்திருக்கும், செவுள் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சிங்கி இறாலின் தலைக்குள் இருக்கும் பச்சை நிறப் பசை அதன் ஈரலும் கணையமும் சேர்ந்த உறுப்பு. கடலின் நச்சுகள் சேருமிடம் அது, ஒதுக்குவதே நல்லது.

கை வாடை போகச் சோப்புக்கு முன் எலுமிச்சையைத் தேயுங்கள். மீன் வாடைக்குக் காரணமான அமீன்கள் காரத்தன்மை உள்ளவை, புளிப்பு அதை முறிக்கும்.

சிப்பி, மட்டி, பச்சை மீன்

சிப்பி வகைகள் கடல்நீரை வடிகட்டித் தின்பவை. நீரில் இருக்கும் கிருமியும் நச்சும் அவற்றுக்குள் சேரும். சமைக்கும் முன் ஓடு மூடியிருக்க வேண்டும், அல்லது தட்டினால் மூட வேண்டும். வாய் பிளந்து அசையாமல் கிடப்பது செத்தது. ஓடு திறந்தவுடன் இறக்கிவிடக் கூடாது. திறந்த பிறகும் கொதிநீரில் 3 முதல் 5 நிமிடம், ஆவியில் 4 முதல் 9 நிமிடம் வேக வேண்டும். எலுமிச்சையும் மிளகாய்ச் சாறும் கிருமியைக் கொல்லும் என்பது நம்பிக்கை மட்டுமே. கல்லீரல் நோய், நீரிழிவு, நோய் எதிர்ப்புக் குறைவு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் பச்சைச் சிப்பியைத் தொடவே வேண்டாம். வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் விப்ரியோ பாக்டீரியா அவர்களில் உயிருக்கே உலை வைக்கக்கூடும். கையில் ஆறாத வெட்டு இருந்தால் பச்சை ஓடுகளை அந்தக் கையால் பிரிக்கவும் கூடாது.

கடல் சிவந்தோ நிறம் மாறியோ பாசி பூத்திருந்தால், அதிகாரிகள் சிப்பிக்குத் தடை அறிவித்திருந்தால், வேக வைத்தும் பயனில்லை. அந்த நச்சு சூட்டுக்கு அழியாது. வெப்பமண்டலப் பவளப்பாறைகளில் வாழும் மிகப் பெரிய சீலா, களவா போன்ற மீன்களிலும் இப்படி அழியாத நச்சு சேர்வதுண்டு, பாறை மீனில் சிறியதையே தேர்ந்தெடுங்கள்.

ஒவ்வாமை உள்ளவர் கூட வந்திருந்தால் உட்காருவதற்கு முன்பே சொல்லுங்கள். இறால், நண்டு ஒவ்வாமைக்காரருக்கு "மீன் மட்டும் கொடுங்கள்" என்பது காப்பாற்றாது. ஒரே எண்ணெய்ச் சட்டி, ஒரே கம்பி வலை, ஒரே கத்தி. கடுமையான ஒவ்வாமை என்றால் இந்த மாதிரிக் கடை அவருக்கான இடமல்ல.

பில்லும் மிச்சமும்

நிறுத்தபோது சொன்ன எடையைக் கைபேசியில் குறித்து வைத்திருந்தால் பில் பார்ப்பது ஒரு நிமிட வேலை. கடலோரத்தில் சிக்னல் தடுமாறும், கையில் ரொக்கம் இருக்கட்டும். ஓடும் முள்ளும் மணலில் வேண்டாம், அடுத்தவர் வெறுங்காலில் நடப்பார். வாளி கேட்டால் தருவார்கள்.

மிச்சத்தைக் கட்டிக்கொண்டு போவதானால் வெந்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்ப்பெட்டியில் இருக்க வேண்டும். வெயில் 32 டிகிரிக்கு மேல் என்றால் ஒரு மணி நேரம்தான். அதற்கு மேல் பயணம் என்றால் கட்டச் சொல்லாதீர்கள்.

சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலை வலித்து, அரிப்பும் படபடப்பும் வந்தால் அது முன்னே சொன்ன ஹிஸ்டமின் வேலையாக இருக்கலாம். ஒவ்வாமையும் இப்படியே தொடங்கும். இரண்டுக்கும் மருத்துவரைப் பாருங்கள். உதடும் நாக்கும் மரத்துப் போனாலோ, மூச்சு இறுகினாலோ, குளிர்ந்தது சுடுவது போலத் தோன்றினாலோ காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவமனை. என்ன மீன், எந்தக் கடை, எத்தனை மணிக்கு என்று அங்கே சொல்ல முடிந்தால் சிகிச்சை எளிதாகும்.